வாய்ஸ் போட்டால் டெலீட்

மணிவேல் இடது கையால் ஒரு அம்மாவுக்கு டீ டம்ளரை நீட்டுகிறான். வலது கைப் பெருவிரலால், முன்பின் தெரியாத ஒருவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அழிக்கிறான். அழிப்பதற்கு முன்னால் கேட்டுப் பார்க்கிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. "சூடா கீதும்மா, பாத்துப் புடிங்க" என்று அந்த அம்மாவிடம் சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அவர் முதல் வாய் குடிப்பதற்குள் போனில் பதில் போய்விடுகிறது: "வாய்ஸ் போட்டா டெலீட்னு மேலயே எழுதிக்கீது. அதைப் படிக்கத் தெரியாதவன் இன்னாத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கினே?"

அந்த அம்மாவின் மகனுடைய லேப்டாப்தான் மேசைமேல் திறந்து கிடக்கிறது. அதை எப்படி அணைப்பது என்று அவர் மறுபடியும் மறுபடியும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்டதுபோலவே பாவித்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறான்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது மணி சிஸ்டம்ஸ். கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் இரண்டும் உண்டு. மாங்கூழ் கம்பெனிக் கணக்கர்கள், காலேஜ் பிள்ளைகள், பேரனோடு வீடியோவில் பேச ஆசைப்படும் ரிட்டயர்டு ஆசாமிகள் எல்லாருக்கும் அவன்தான் கதி. தெலுங்கு பேசுகிறவர்களை "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று உட்காரவைப்பான். தமிழ் பேசுகிறவர்களுக்கு "வாங்க, குந்துங்க". வயதானவர்கள் வந்தால் மேசை ஃபேனை அவர்கள் பக்கம் திருப்பிவிடுவான். மணி கடைக்குப் போங்க, ஆள் தங்கம் என்று ஆட்டோக்காரர்களே சொல்லி அனுப்புவார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தத் தங்கம் வாட்சப்பில் வேறு ஆள். 'சித்தூர் திருப்பதி சிஸ்டம் ஹெல்ப்' என்ற குரூப்பை ஆரம்பித்தவன் அவன்தான். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், தெரிந்தவர்கள் சொல்வார்கள் என்று நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தான். மெக்கானிக்குகளும் நெட் சென்டர்காரர்களுமாகப் பெரிய கூட்டம் சேர்ந்தது. கூட்டம் சேர்ந்ததும் சட்டங்கள் வந்தன. கேட்பதற்கு முன் பழைய மெசேஜ்களைப் படிக்க வேண்டும். போட்டோ இல்லாமல் கேள்வி கேட்கக் கூடாது. வாய்ஸ் போட்டால் டெலீட். புதிதாகச் சேர்ந்த யாரும் மணிவேலிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. திருப்பதியில் கடை வைத்திருக்கும் பவன்குமார் இன்னொரு அட்மின். மணிவேல் ஒருவனைத் திட்டியதும் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போடுவதுதான் அவனுக்கு வேலை.

கடையில் பில் போடுகிற ஹரிதா ஒருநாள் கேட்டேவிட்டாள், நேரில் ஒரு மாதிரியும் போனில் ஒரு மாதிரியும் இருக்கிறீர்களே அண்ணா என்று. மணிவேலுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மூஞ்சி தெரிஞ்சா மரியாதையா பேசலாம். அங்க இன்னா கீது? வெறும் எழுத்துதானே" என்றான். நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் சொந்த ஊர் நகரி. அப்பா வேதாச்சலம் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓட்டினார். தறி ஓடுகிற இடத்தில் யாரும் இதமாகப் பேச முடியாது. "நூலு!" என்று ஒரு கத்தல், "அறுந்துச்சு பார்றா!" என்று ஒரு கத்தல், அவ்வளவுதான் நைனாவின் பேச்சு. அம்மா மட்டும், யாராவது முக்கியமாக ஏதாவது சொல்ல வந்தால், ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மறு காதை அவர்கள் வாயருகே கொண்டுபோய்க் குனிவாள். அந்த இரைச்சலிலிருந்து தப்பித்தால் போதும் என்று சித்தூருக்கு வந்தவன் மணிவேல். அவன் கடையில் ரேடியோ கிடையாது. போன் எப்போதும் சைலன்ட். சர்வீசுக்கு வருகிற கம்ப்யூட்டர்களின் சத்தத்தை முதல் வேலையாக அணைத்துவிடுவான். "சத்தம்னா எனக்கு ஆவாது" என்பான். நைனாவின் கத்தல் மட்டும் எப்படியோ விரல் வழியாக வந்துகொண்டிருந்தது.

இன்னும் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். குரூப்பில் எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்கள். மணிவேல் மட்டும் தமிழ் எழுத்தில்தான் எழுதுவான். மற்றது கண்ணைக் குத்துகிறதாம். அடுத்தது, எதை எழுதினாலும் கடைசியில் கடையின் விலாசம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிற மாதிரி போனில் செய்து வைத்திருந்தான். நல்லதைச் சொன்னாலும் வைதாலும் கீழே 'மணி சிஸ்டம்ஸ், பஸ் ஸ்டாண்டு பின்புறம், சித்தூர், ஞாயிறு விடுமுறை' என்று இருக்கும். வியாபாரத்துக்கு வியாபாரமும் ஆச்சு.

மாம்பழ சீசனில் ஒருநாள் நாகபூஷணம் என்ற பெயரில் ஒருவர் குரூப்பில் புதிதாகச் சேர்ந்தார். சேர்ந்ததும் ஒரு வாய்ஸ் போட்டார். கொஞ்சம் நீளமான வாய்ஸ். மணிவேல் அழித்தான். வெகுநேரம் கழித்து ஒரே வரியில் தமிழில் எழுதி வந்தது: "லேப்டாப்பில் சவுண்டு வரவில்லை. பள்ளியில் டிவியில் இணைத்த பிறகு இப்படி. அவசரம். உதவுங்கள்."

படித்தவுடனேயே மணிவேலுக்குக் கோளாறு என்னவென்று தெரிந்துவிட்டது. டிவியில் இணைத்தபோது யாரோ சத்தத்தை டிவிக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பின் ஸ்பீக்கரை முடக்கி வைத்திருக்கிறார்கள். திரும்ப முடுக்கிவிட்டால் முடிந்தது. டீ ஆறுவதற்குள் செய்கிற வேலை. ஆனால் சவுண்டுக்கு அவசரம் என்று எழுதியிருந்தது அவனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா அவசரம்? புதுப் படத்துப் பாட்டு கேக்கணுமா? சத்தம் வரலன்னா செத்தா பூடுவே?" என்று எழுதினான். காளஹஸ்தியில் நெட் சென்டர் நடத்தும் சந்தியா மட்டும் பாவம் பார்த்து, திரையின் கீழ்மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கும், அங்கே போய் இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று பொறுமையாக இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் போட்டாள். ஊட்டி விடாதீங்க மேடம், கெட்டுப் பூடுவான் என்று அவளுக்கும் ஒன்று விழுந்தது.

சந்தியா சொன்னதை அந்த ஆள் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. திரும்பவும் "உதவுங்கள்" என்றுதான் எழுதினார். போட்டோ எங்கே என்று மணிவேல் உறுமினான். போட்டோ வந்தது. லேப்டாப்பைக் காணோம், விட்டத்தில் தொங்கும் ஒரு சீலிங் ஃபேன், அதுவும் பாதி.

குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "காலையிலயே போட்டுக்கினு போட்டோ எடுத்தியா? ஃபேனைக் காட்டி சிஸ்டம்ன்றே. உன் மூஞ்சிக்கு லேப்டாப் ஒரு கேடா?" என்று எழுதிய மணிவேல் அதோடு விடவில்லை. அந்த ஃபேனை மட்டும் வெட்டியெடுத்து ஒரு ஸ்டிக்கர் செய்து போட்டான். ஆளாளுக்கு அதை எடுத்துப் போட்டார்கள். சிரித்து முடித்ததும் நாகபூஷணத்தைக் குரூப்பிலிருந்து தூக்கினான். அன்றிலிருந்து யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதலில் அந்த ஃபேன்தான் வரவேற்கும்.

அந்த வார வெள்ளிக்கிழமை காலை கடை வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. டிரைவர் கையைப் பிடித்து இறக்கிவிட, தோளில் பையும் கையில் மடக்குக் குச்சியுமாக ஒருவர் இறங்கினார். கண் தெரியாதவர். மணிவேல் பாய்ந்துபோய்க் குச்சிப் பக்கம் இல்லாத கையைப் பிடித்து, படி இருக்குது சார், பார்த்து என்று உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தான். மேசை ஃபேனைத் திருப்பிவிட்டான். ஹரிதாவை டீ சொல்லச் சொன்னான். பிரிண்டருக்காகக் காத்திருந்த மாங்கூழ் கம்பெனி சுரேஷ்பாபு தன் நாற்காலியை நகர்த்தி அவருக்கு இடம் கொடுத்தார்.

வந்தவர், நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தமிழ் வாத்தியார் என்றார். லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்துத் தடவிப் பார்த்துத் திறந்தார்.

"இது பேசும் சார். திரையில இருக்கிறதையெல்லாம் படிச்சுச் சொல்லும், அதைக் கேட்டுத்தான் நான் வேலை பண்ணுவேன். இப்ப சவுண்டு இல்ல. வெறும் பலகையாட்டம் கீது" என்றார்.

அவசரத்தையும் சொன்னார். ஒரே பள்ளியில் இருக்கக்கூடிய வருஷம் அவருக்கு முடிந்துவிட்டது. மாற்றலுக்கு, எந்தெந்தப் பள்ளி வேண்டும் என்று வரிசைப்படுத்தி ஆன்லைனில் கொடுக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளி காலியாக இருக்கிறது; அதே பஸ், பழகின வழி. கொடுக்காமல் விட்டால் கடைசியில் மிஞ்சுகிற ஊர், அது மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் குப்பத்துக்கு அந்தப் பக்கமாகக்கூட இருக்கலாம். இன்று சாயங்காலத்தோடு கெடு முடிகிறது. நகரியில் ஒரு கடையில் விட்டுவிட்டுப் போங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்களாம். மனைவி ரத்னம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. வேறு யாரையாவது விட்டுச் செய்யலாமே என்று சுரேஷ்பாபு கேட்டார். இதுவரைக்கும் தன் காரியத்தைத் தானே செய்துகொண்டாகிவிட்டது, இதையும் அப்படியே செய்ய ஆசை என்றார் வாத்தியார்.

மணிவேல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான். முடக்கிக் கிடந்த ஸ்பீக்கரை முடுக்கினான். அவ்வளவுதான். லேப்டாப் கணீரென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டதும் வாத்தியாரின் முகம் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் மணிவேலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தினி நாளா இதை ஒருத்தன்கூட சொல்லலியா சார்? ஒரு நிமிசத்து வேலை. எவன்கிட்ட கேட்டீங்க? மனுசனுங்களா அவனுங்க?"

"குரூப்ல கேட்டேன் சார். சித்தூர் திருப்பதி சிஸ்டம் ஹெல்ப்புன்னு ஒண்ணு கீது. இந்த அட்ரஸே அதுல இருந்துதான் கெடச்சுது" என்றார் வாத்தியார்.

சொன்ன குரலில் குத்தல் எதுவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, படிக்கச் சொல்கிறேன் கேளுங்கள் என்று திரையில் விரலைத் தேய்த்தார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், பஸ் ஸ்டாண்டில் நேரம் அறிவிக்கிற குரலைப் போல, ஏற்ற இறக்கமே இல்லாமல் படித்தது.

"மணிவேல். இன்னா அவசரம். புதுப் படத்துப் பாட்டு கேக்கணுமா. சத்தம் வரலன்னா செத்தா பூடுவே. மணி சிஸ்டம்ஸ். பஸ் ஸ்டாண்டு பின்புறம். சித்தூர். ஞாயிறு விடுமுறை."

சுரேஷ்பாபு விலாசத்தைக் கேட்டுச் சிரிக்கப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஹரிதா பில் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். மணிவேலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. குரல் நிற்கவில்லை.

"மணிவேல். காலையிலயே போட்டுக்கினு போட்டோ எடுத்தியா. ஃபேனைக் காட்டி சிஸ்டம்ன்றே. உன் மூஞ்சிக்கு லேப்டாப் ஒரு கேடா. மணி சிஸ்டம்ஸ். பஸ் ஸ்டாண்டு பின்புறம். சித்தூர். ஞாயிறு விடுமுறை."

எழுதும்போது அதில் ஒரு வேடிக்கை இருந்ததாகத்தான் அவனுக்கு ஞாபகம். கோபமும் சிரிப்பும் இல்லாத அந்தக் குரலில் கேட்டபோது வேடிக்கை எங்கே போனதென்று தெரியவில்லை. வெறும் அசிங்கம்தான் மிச்சம் இருந்தது. இத்தனை வருஷத்தில் தான் எழுதியதைத் தன் காதால் அவன் கேட்டதே இல்லை. இப்போது கேட்டான்; அதுவும் அவனே பிடித்து உட்காரவைத்த மனிதரின் சட்டைப் பையிலிருந்து வந்த போனில்.

வாத்தியார் போனை நிறுத்தினார். "மத்தவங்க எழுதினது எனக்குப் பிரியல சார். இங்கிலீஷ் எழுத்துல தமிழைப் போட்டா இது கண்டபடி கொதறிடும். யாரோ ஒரு அம்மா நீளமா எழுதியிருந்தாங்க, நல்லதுதான் சொல்லியிருப்பாங்க, ஒரு வார்த்தை பிடிபடல. நீங்க எழுதினது ஒண்ணுதான் தெளிவா கேட்டுச்சு. அதான் நேரா இங்கயே வந்துட்டேன்."

மணிவேல் வாயைத் திறந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் திறந்தான். ஆனால் வந்தது வேறு. "கண்ணு தெரியாதுன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே சார்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அதற்காகவே இன்னொரு முறை வெட்கப்பட்டான்.

"சொன்னேனே சார். மொதல்ல அதைத்தான் சொன்னேன். எழுதறதுக்கு எனக்கு நேரமாவும்னு வாய்ஸ்ல சொன்னேன்" என்று வாத்தியார் போனில் விரலை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனார். அந்தப் பெண் குரல் சொன்னது: "இந்த மெசேஜை அட்மின் நீக்கிவிட்டார்."

"ஏற்கெனவே சொன்னதுதானே, திரும்ப எதுக்குன்னு அப்புறம் எழுதல" என்றார் வாத்தியார். "எல்லாம் கேட்டுட்டுதான் திட்டறாங்கன்னு நெனச்சுக்கினேன்."

ஹரிதா எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மணிவேல் இடிந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தான். அவன் கேட்டிருப்பான், கேட்ட பிறகும் அப்படி எழுதியிருப்பான் என்று ஒரு மனிதர் இத்தனை நாள் நம்பிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியும் பஸ் ஏறி அவன் கடைக்கு வந்திருக்கிறார். இதில் எது தன்னை அதிகமாக அடித்தது என்று அவனால் சொல்ல முடியவில்லை. "தப்பு என்னுதுதான் சார்" என்று ஒருவழியாகச் சொன்னான்.

"ஸ்கூல்ல பசங்களை நானும் திட்டுவேன் சார்" என்றார் வாத்தியார். "பதிலைச் சொல்லிக் குடுத்துட்டுத் திட்டுவேன்."

அதற்குமேல் அவருக்கு அந்தப் பேச்சில் அக்கறை இல்லை. சாயங்காலக் கெடு இருக்கிறது. லேப்டாப்பை மடிக்கு இழுத்துக்கொண்டு, கடையின் நெட்டைப் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். அந்தக் கடையில் அதுவரை கேட்டிராத சத்தம். லேப்டாப் ஊர் ஊராகப் பெயர் சொன்னது. அவர் தலையை ஆட்டி ஒன்றை எடுத்தார், ஒன்றைத் தள்ளினார், பக்கத்து ஊரை முதலில் வைத்தார். மாற்றுத்திறனாளி என்ற இடத்தில் டிக் விழுந்ததா என்று திரும்பத் திரும்பப் படிக்க வைத்துக் கேட்டார். சுரேஷ்பாபு பிரிண்டர் தயாரான பிறகும் போகாமல் உட்கார்ந்திருந்தார். வாசலில் வந்த வேறு ஆட்களை ஹரிதாவே அப்புறம் வாங்க என்று அனுப்பிவிட்டாள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று லேப்டாப் சொன்னபோது சாப்பாட்டு வேளைகூட ஆகவில்லை.

லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே வாத்தியார் கேட்டார்: "குரூப்ல மறுபடியும் சேத்துக்கறீங்களா சார்? நாளைக்கி வேற எதாவது ஆச்சுன்னா கேக்கறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல."

மணிவேல் உடனே சேர்த்தான். சேர்த்த மறுகணமே வாத்தியாரின் போன் பேசியது. "பவன்குமார். ஸ்டிக்கர்." அடுத்து வேறு ஒரு பெயர். "ஸ்டிக்கர்." அடுத்து இன்னொன்று.

"அன்னிக்கும் எல்லாரும் இதைத்தான் போட்டாங்க சார்" என்றார் வாத்தியார். "ஸ்டிக்கர்னு மட்டும் சொல்லுது, என்னா படம்னு சொல்ல மாட்டேங்குது. அதுல என்னா சார் இருக்குது?"

மணிவேல் ஹரிதாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. பூமாலை, வணக்கம் என்று எதையாவது சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்; இவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததே அவனுக்குக் கூசியது.

"உங்க ஊட்டு ஃபேனு சார்" என்றான், மெதுவாக. "நீங்க லேப்டாப்புன்னு நெனச்சு எடுத்த போட்டோ. படத்துல சீலிங்குதான் விழுந்திருந்துச்சு. அதை நாந்தான் வெட்டி ஸ்டிக்கர் பண்ணேன்."

வாத்தியார் பையின் ஜிப்பை விரலால் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். தெரியாமல் முன்பக்கக் கேமரா திறந்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"தூசியா இருந்துச்சா சார்?" என்று கேட்டார்.

சுரேஷ்பாபு ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டார். ரத்னம்மாவிடம் சொல்லித் துடைக்க வேண்டும், ஊரே பார்த்துவிட்டதே என்று வாத்தியார் லேசாகச் சிரித்தபடி குச்சியை விரித்தார். ஹரிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நகரி பஸ்ஸில் ஏற்றிவிடப் போனாள்.

மணிவேல் வேலையைத் தொடவில்லை. திறந்து கிடந்த ஒரு சிஸ்டத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தான். ஹரிதா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்த சமயம், மேசைமேல் போன் சத்தமில்லாமல் மினுக்கியது. குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். நாகபூஷணம் போட்டிருந்தார். பஸ்ஸிலிருந்துதான் போட்டிருக்க வேண்டும். அதற்குள் கீழே பவன்குமார் ஒரு ஃபேனைப் போட்டு, "மணி அன்னா, டெலீட் டெலீட்" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். சிரிக்கிற பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்து காத்துக்கொண்டிருந்தன.

பெருவிரல் பழக்கதோஷத்தில் அந்த வாய்ஸின்மேல் போய் நின்றது. தெருவில் மாங்காய் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே பின்னால் வந்துகொண்டிருந்தது. மணிவேல் போனை எடுத்து வலது காதோடு ஒட்டி வைத்தான். இடது காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்துக் குனிந்தான்.